அன்னக்கூடையில் ஊறிய அரிசி

அண்ணன் அரிசியைப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஏரிக்கரை மேல், பாதையை ஒட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே அலுமினிய அன்னக்கூடை. கல்யாணப் பந்தியில் சோறு கொண்டுவருவார்களே, இரண்டு பக்கமும் காது வைத்த பெரிய பாத்திரம், அதுதான். அதில் பாதிக்கு மேல் ஊறவைத்த நொய்யரிசி. வலது கையில் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டியிருந்தார். மாசி வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. அறுத்த கழனியின் வைக்கோல் வாசனையையும் மீறி, பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்தின் நெடி மூக்கில் ஏறியது.

"இன்னாண்ணா இது?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"வாத்துக்கு நாஷ்டா" என்றார், தலை நிமிராமல்.

பின்னால் ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவர் பேச்சை மீறிப் பழக்கமில்லாதவர்கள் பாதி; அவர் செய்வது சரி என்று நினைத்தவர்கள் மீதி.

கீழே, தூரத்துக் கழனியில் கன்னியம்மாவின் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. அங்கிருந்து பார்த்தால் தரை நகர்வதுபோல இருக்கும். பொழுது சாய்ந்தால் அவை இந்தக் கரைமேல் ஏறித்தான் பட்டிக்குத் திரும்பும். வேறு வழி கிடையாது. அண்ணன் உட்கார்ந்திருந்த இடம் அப்படி.

வாத்து மேய்க்கிற கன்னியம்மாவுக்கு இது எதுவும் தெரியாது.

வாத்து டாக்டர்

நான் கால்நடை மருத்துவம் படித்தவள். ஊசி போடுகிற மருத்துவர் இல்லை, ஆய்வகத்தில் உட்காருகிற ஜாதி. திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, சென்னையில் ஒரு ஆய்வகத்தில் தலைமுடி நரைத்தவள். இத்தனை வருடமும் நான் கேட்டது ஒரே கேள்விதான். கோழி சாகிற நோயில் வாத்து ஏன் சாகவில்லை?

ஆரம்பத்தில் எல்லாரும் சிரித்தார்கள். மாட்டைப் பிடி, ஆராய்ச்சிக்குப் பணம் வரும் என்றார் ஒருவர். என் மாமியார் வீட்டுப் பக்கம் எனக்கு வைத்த பெயர் வாத்து டாக்டர். அந்தப் பெயரை நானும் ஒரு பிடிவாதத்தில் அப்படியே வைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். உடம்புக்குக் காவல் இரண்டு விதம். ஒன்று படித்துக் கற்றுக்கொள்வது. தடுப்பூசி அதற்குத்தான் பாடம் நடத்துகிறது. இன்னொன்று பிறக்கும்போதே கூட வருவது. அதற்குப் படிப்பு கிடையாது. தெருநாய் மாதிரி. வருகிறவன் யார், எந்த ஊர் என்றெல்லாம் விசாரிக்காது. புது ஆள் என்றால் உடனே குரைக்கும். பறவைக் காய்ச்சல் கிருமியைப் பார்த்ததும் குரைக்கிற ஒரு நாய் வாத்தின் உடம்பில் இருக்கிறது. கோழியின் உடம்பில் அந்த நாய் இல்லை. அதனால் கோழி பொத்தென்று விழுகிறது. வாத்து கிருமியை வயிற்றில் வைத்துக்கொண்டே ஜம்மென்று நீந்துகிறது.

அந்தப் பிறவிக் காவலைத் தேடித்தான் நான் கன்னியம்மாவிடம் போனேன். ஒவ்வொரு அறுவடைக்கும் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வாத்துகளை ஓட்டிக்கொண்டு எங்கள் ஏரிக்கு வருவார். உதிர்ந்த நெல், நத்தை, புழு எல்லாம் வாத்துக்கு. எச்சம் கழனிக்கு எரு. நான் வாத்தின் இறக்கையை விரித்து, நரம்பில் ஊசி குத்தி, கொஞ்சம் ரத்தம் எடுப்பேன். ஒவ்வொரு முறையும் திட்டு விழும்.

"ஏம்மா டாக்டரு, உனக்கு ரத்தம் ஓணும்னா என்னாண்ட எடு. அதுங்கள இன்னாத்துக்குப் பேஜார் பண்ற?"

திட்டிக்கொண்டே அடுத்த வாத்தைப் பிடித்துக் கொடுப்பார்.

மேடையில் ஏறிய சேவல்

அந்த வருடப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, நூலக விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக் கிடைத்த சந்தோஷத்தில் மேலே சொன்னதையெல்லாம் சொன்னேன். நாய் உதாரணத்துக்கு நன்றாகச் சிரித்தார்கள்.

நடுவில் ஒரு சேவல் மேடையேறி வந்தது. செக்கச்செவேல் என்று, எடுப்பான கொண்டையோடு. மேசைமேல் தாவி என் கைப்பையைக் கொத்தியது. நான் விரட்டக் கை ஓங்கியதும் முன்வரிசையிலிருந்து ஒரே நேரத்தில் பத்துக் குரல்கள்.

"ஐயோ, வாணாம்மா! அம்மன் சேவல்!"

எல்லையம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது. எங்கள் பக்கத்தில் அப்படி விட்டுவிட்டால், ஆடியில் அம்மனுக்குப் பலி கொடுக்கும்வரை யாரும் அதைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. எந்த வீட்டில் நுழைந்தாலும் தானியம் போட வேண்டும். நேர்ந்துவிட்டது வேறு யாருமில்லை, என் அண்ணி. அண்ணனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்தவர் அவர். அண்ணன் பிழைத்து வந்தார். சேவலை விட்டார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணன் கழனியில் இறங்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க ஏர், அண்டை, மடை என்று இருந்தவர். வீட்டில் உட்காரவைத்தால் கிறுக்குப் பிடித்துவிடும் என்று அண்ணிதான் நாட்டுக்கோழி வளர்க்கச் சொன்னார். கோழிக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைக்கிற அளவுக்கு அண்ணன் அதில் விழுந்துவிட்டார். விடிந்ததும் கூடை திறப்பார், அடைந்ததும் எண்ணிப் பார்ப்பார். திரும்பவும் ஒரு வேலைக்காரர் ஆகிவிட்ட முகம் அவருக்கு.

அந்தக் கோழிகள்தான் செத்தன.

அறுக்க மாட்டேன்

மாசியில் போன் வந்தது. கோழிகள் தலைகவிழ்ந்து நிற்கின்றன, பச்சையும் வெள்ளையுமாகக் கழிகின்றன, விழுகின்றன. அண்ணன் வீடு மட்டுமில்லை, ஊர் முழுக்க. நான் கிளம்பிப் போவதற்குள் அண்ணனின் கோழிகளில் முக்கால்வாசி போய்விட்டன.

"வாத்து வந்துச்சி, கோழி செத்துச்சி" என்றார் அண்ணன். "நீதான கோமு மைக்குல சொன்ன? வாத்து சாவாது, நோயத் தூக்கிக்கினு வரும்னு?"

சொன்னேன்தான். நான் சொன்னதில் ஊர் மறக்காமல் வைத்திருந்தது அந்த ஒரு வரியை மட்டும்.

ஒரு கோழியை அறுத்துப் பார்த்து இங்கேயே சொல்லிவிடு என்றார்கள். மறுத்தேன். பறவைக் காய்ச்சலாக இருந்தால், திறந்த வெளியில் அறுப்பது கிருமியை மனிதர்கள் மேல் ஊதிவிடுவது மாதிரி. மாட்டாஸ்பத்திரி டாக்டரை வரவழைத்து, செத்த கோழிகளையும் கன்னியம்மாவின் வாத்துகளிடம் எடுத்த மாதிரிகளையும் முறைப்படி பெட்டியில் அடைத்து அனுப்பினோம். முடிவு வரும்வரை எந்தக் கோழியும் ஊரைவிட்டுப் போகக் கூடாது. வாத்தும் அந்தக் கழனியையும் பட்டியையும் விட்டுத் தாண்டக் கூடாது.

கன்னியம்மா அன்றைக்கே கிளம்பத் தயாராக இருந்தார். ஊரின் முகம் மாறுவது அவருக்கும் தெரியும். நிறுத்தி வைத்தது நான்தான்.

"நீ சொல்றியேன்னு நிக்கிறேன் டாக்டரம்மா. நாளிக்கி ஏதானா ஆச்சின்னா நீதான் பாத்துக்கணும்" என்றார்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வாயில் வந்துவிட்டது.

ஊர் வேறு கணக்குப் போட்டது. இந்த அம்மா வாத்து ரத்தத்தை வைத்துத்தானே பிழைக்கிறாள், வாத்தைக் காப்பாற்றத்தான் அறுக்க மாட்டேன் என்கிறாள். இதை என் காது படவே சொன்னார்கள். சுருக்கென்றிருந்தது. வேறு ஊரில் இப்படி ஒருத்தியைப் பார்த்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

போனில் வந்த பதில்

அண்ணன் அன்னக்கூடையோடு உட்கார்ந்த அன்று மத்தியானம்தான் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. கோழியிலும் வாத்திலும் பறவைக் காய்ச்சல் இல்லை. கோழிகளுக்கு வந்தது வெள்ளைக்கழிச்சல். கோழி வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த பழைய நோய்தான், தடுப்பூசி உண்டு. எங்கள் ஊரில் யாரும் போடவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு உயிர் வந்தது. மனிதர்களுக்கு ஆபத்தில்லை, ஊரிலுள்ள எல்லாப் பறவைகளையும் அழிக்க வேண்டியதில்லை. ஓட்டமும் நடையுமாகக் கரைக்கு வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். இனி வாத்துகள் எங்கு வேண்டுமானாலும் போகலாம், இன்றைக்கே போகச் சொல்கிறேன் என்றேன்.

அண்ணன் கையை நிறுத்தினார். நல்ல மூளை அவருக்கு. படித்திருந்தால் என்னைத் தூக்கிச் சாப்பிட்டிருப்பார்.

"செரி. வெள்ளைக்கழிச்சல்னே வச்சிக்குவோம். அத்த வாத்து தூக்கிக்கினு வருமா, வராதா?"

வரும். அந்தக் கிருமியையும் வாத்து வெளியே தெரியாமல் சுமக்கக்கூடும். இந்த வாத்துகளிடம் அது உண்டா என்ற முடிவு இன்னும் வரவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எழுந்திருப்பார். தொண்டைவரை வந்தது. ஆனால் இத்தனை வருடம் வாத்தைப் பற்றி உண்மையை மட்டுமே எழுதியவள், சொந்த அண்ணனிடம் பொய் சொன்னால் நாளைக்கு அதே வாயால் என்ன பேசுவேன்?

"வரலாம்ணா. ஆனா இந்த வாத்துதான் கொண்டு வந்துச்சான்னு..."

"அவ்ளோதான், போ." மறுபடியும் பிசைய ஆரம்பித்தார். "எங்கியோ போயி இன்னொரு ஊரக் கெடுக்கட்டும்ன்றியா? இங்கியே முடியட்டும்."

போலீசுக்குப் போன் பண்ணுவேன் என்றேன்.

"பண்ணு. உத்திரமேரூர்லேர்ந்து வண்டி வர்றதுக்குள்ள வாத்து வந்துடும்."

பாத்திரத்தை எட்டி உதைக்கலாம் என்றுகூடத் தோன்றியது. உதைத்தால் அரிசி பாதையெல்லாம் சிதறும். வாத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கன்னியம்மாவிடம் ஓடிச் சொன்னாலும், பொழுது சாய்ந்து பட்டிக்குத் திரும்பும் மந்தையை அவராலும் நிறுத்த முடியாது.

மீதி இருந்தது ஒரே வழி. இந்த ஊரில் முதலில் செத்தது எது, எப்போது? வந்ததிலிருந்து அதைத்தான் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வாத்து வந்தது, அப்புறம்தான் கோழி விழுந்தது.

கடைசியாக ஒருமுறை அண்ணியிடம் கேட்போம் என்று வீட்டுக்கு ஓடினேன்.

கோழியில் சேர்த்தி இல்லை

தோட்டத்தில் காலிக் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. அண்ணி அவற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு கோழிச் சத்தம் இல்லை. அந்த அமைதியில்தான் எனக்குத் திடீரென்று பொறி தட்டியது. வந்ததிலிருந்து நான் எதையோ பார்க்கவில்லை.

"அண்ணி, அம்மன் சேவல் எங்க?"

அண்ணி கூடையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எங்கனா மேஞ்சிகினு இருக்கும்."

"நான் வந்ததுலேர்ந்து கண்ணுலயே படலையே."

தேய்ப்பது நின்றது. எழுந்து போய்ப் படலைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெல்லப் பேசு மா. உங்க அண்ணன் காதுல வுயப்போவுது." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அது போய்ட்ச்சி."

"எப்போ?"

"வாத்து வர்றதுக்கு முன்னியே."

எப்படிச் செத்தது என்று கேட்டேன்.

"கழுத்த அப்பிடியே திருப்பிக்கினு ஆட ஆரம்பிச்சிச்சி. ஒரே பக்கமா சுத்திச்சி. அம்மன் அருள் வந்துகீதுன்னு பொம்பளைங்க எல்லாரும் கற்பூரம் காட்னோம். வூடு வூடா எத்துகினு போனோம். எல்லாரும் தொட்டுக் கும்புட்டு, மொறத்துல நெல்லு வச்சாங்க. அப்பால ரெண்டு மூணு நாள்ல... மஞ்சத் தண்ணி தெளிச்சி, வேப்பலை வச்சி, ஆம்பளைங்களுக்குத் தெரியாம கோயிலு பின்னால பொதச்சிட்டோம்."

கழுத்து முறுக்கிக்கொண்டு சுற்றுவது வெள்ளைக்கழிச்சலின் அச்சு அசலான அடையாளம். அருள் என்று நினைத்து, எந்த வாசலும் தடுக்க முடியாத ஒரு சேவலை, எல்லா வாசலுக்கும் கையிலேயே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தச் சேவலுக்கு எங்கே ஒட்டியதோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "முதல்ல எந்தக் கோழி செத்துச்சினு எத்தினி தடவ கேட்டேன் அண்ணி!"

அண்ணி என்னை வியப்போடு பார்த்தார். "நீ கோழியக் கேட்ட. அது சாமியோடது. அத்த எப்பிடிம்மா கோழில சேக்கறது?"

அவர் ஏமாற்றவில்லை. ஊரில் ஒரு பெண்ணும் ஏமாற்றவில்லை. அவர்கள் கணக்கில் அது கோழியே இல்லை.

"இத்த வந்து கரையில சொல்லுங்க. இப்பவே."

"சொல்ல மாட்டேன்." அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. "அவரு உசுருக்குன்னு வுட்டது கோமதி. ஆடி வரிக்கும் நிக்க வேண்டியது பாதியில போச்சின்னா, அவருக்கு இன்னா ஆவும்? அவரு காதுல வுய்ந்தா அந்த நெஞ்சு தாங்குமா? நீ படிச்சவதான, சொல்லு."

"ஒண்ணும் ஆகாது அண்ணி."

"எப்பிடிச் சொல்ற? டெஸ்ட்டு எடுத்தியா?"

நாலு நாளாக ஊருக்கு நான் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்தார். வாத்துச் சத்தம் தூரத்தில் கேட்க ஆரம்பித்தது. நான் திரும்பி ஓடினேன்.

கரைமேல்

ஓடும்போதே முடிவு செய்துவிட்டேன், நானே சொல்லிவிடுவது என்று. ஒரு பெண்ணின் பயத்தை ஊர் நடுவில் போட்டு உடைப்பது அசிங்கம்தான். ஆனால் நான் நிறுத்தி வைத்த மந்தை என் கண்ணெதிரே சாகக் கூடாது.

கரைக்கு வந்தபோது மேய்ச்சல் முடிந்திருந்தது. கன்னியம்மாவின் புருஷன் முன்னால் கம்போடு வர, வாத்துகள் சரிவில் ஏறிக்கொண்டிருந்தன. அண்ணன் முதல் பிடி அரிசியைக் கையில் எடுத்திருந்தார்.

"அண்ணா, ஒரு நிமிசம்" என்று வாயைத் திறந்தேன். மேலே வரவில்லை. அவர் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. நடுமார்பில் அந்தத் தையல் தழும்பு தெரிந்தது.

"மொத மொதல்ல செத்தது என் சேவலு!"

எனக்குப் பின்னாலிருந்து கேட்டது. அண்ணி. கையெல்லாம் கூடை கழுவிய ஈரம், கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. என் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார்.

"அம்மனுக்கு வுட்ட சேவலு. வாத்து வர்றதுக்கு முன்னியே செத்துட்ச்சி. நாங்கதான் வூடு வூடா எத்துகினு போனோம். நான்தான் எத்துகினு போனேன்."

ஆண்கள் பெண்கள் பக்கம் திரும்பினார்கள். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தர், "ஆமா, எங்க வூட்டுக்கும் வந்துச்சி" என்றார். இன்னொருத்தர், "எங்க கூடையில ஒரு ராத்திரி படுத்துச்சி" என்றார்.

அண்ணன் கையிலிருந்த பிடி அரிசி மெல்லப் பாத்திரத்துக்குள்ளேயே விழுந்தது. இடது கை எழுந்து மார்பில் போய் நின்றது. அண்ணி "ஐயோ" என்று அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் அந்தக் கணம் முடிந்தது என்றே நினைத்தேன். படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அவர் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான்.

"ஏன்டி அழுவுற? நான் குத்துக்கல்லாட்டம் கீறேன் பாரு" என்றார்.

அதற்குள் முதல் வாத்துகள் கரைமேல் ஏறிவிட்டன. அரிசியைப் பார்த்துவிட்டன. கழுத்தை நீட்டிக்கொண்டு அத்தனையும் அன்னக்கூடையை நோக்கித் திரும்பின. நான் கத்தினேன். கன்னியம்மாவின் புருஷன் கம்பை ஓங்கினார், வாத்து கேட்கிறதா?

அண்ணன் எழுந்தார். இரண்டு காதையும் பிடித்து, ஊறிக் கனத்த அந்த அன்னக்கூடையை ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கினார்.

"தூக்காதீங்க!" அண்ணி வாத்துகளுக்கு நடுவில் விழுந்தடித்துப் போய் ஒரு காதைப் பிடித்தார். நான் இன்னொரு காதைப் பிடித்தேன். நாங்கள் இரண்டு பேரும் குள்ளம், எட்டிப் பிடித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். கனம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது. மருந்துத் தண்ணீர் விளிம்பில் தளும்பியது. வாத்துகள் எங்கள் முழங்காலைக் கொத்தின, புடவையை இழுத்தன, கிடைக்காமல் கத்தின. சலசலவென்று கடந்துகொண்டே இருந்தன. அண்ணன் கை தாழவில்லை. அவர் உதட்டுக்கு மேல் வியர்வை முத்து முத்தாக நின்றது.

கடைசி வரிசைக்குப் பின்னால் கன்னியம்மா வந்தார். மூன்று பெரிய மனிதர்கள் ஒரு பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து நின்றார். விளிம்பில் ஒட்டியிருந்த நொய் அவர் கண்ணில் பட்டது. நெடியும் மூக்கில் பட்டிருக்குமோ என்னவோ. கழனி கழனியாக மேய்க்கிறவருக்கு மருந்து நெடி புதிதில்லை.

"இன்னா நைனா, வாயில்லாத ஜீவன். ரெண்டு புடி போட்டா கொறஞ்சா பூடும்? மேல தூக்கி வச்சிக்கினு வேடிக்க காட்ற."

கரைமேல் நின்ற அத்தனை பேரும் வாத்துகள் போன திசையையே பார்த்தார்கள்.

அண்ணன்தான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"இது கெட்டுப்போன அரிசிம்மா. காலைல நல்லதா எத்துகினு வர்றேன்."